நஞ்சுண்டவரின் இரத்தம் என்ன சொல்கிறது?



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கனமானது. ஒருவர் நஞ்சுண்டு மருத்துவமனைக்கு வருகிறார். அவர் பிழைத்து வீடு திரும்புவாரா? அதை அவருடைய இரத்தம் முன்கூட்டிச் சொல்லுமா? சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? நம்பி என்ன செய்யலாம்? இவைதான் இன்றைய கேள்விகள்.

எந்த ஊர் அவசரப் பிரிவுக்கு வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். தள்ளுவண்டியில் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கிய ஐந்தாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். "பொழைச்சுக்குவாரா டாக்டர்?" அம்மா கேட்பார், மனைவி கேட்பார், கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். டாக்டர் உடனே பதில் சொல்ல மாட்டார். "ரத்தம் எடுத்திருக்கோம், ரிப்போர்ட் வரட்டும்" என்பார். குடும்பம் முழுவதும் அந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும். அந்தத் தாளில் அப்படி என்னதான் இருக்கிறது? அதைத்தான் இன்று நாம் சேர்ந்து படிக்கப் போகிறோம்.

அதில் இரண்டு வகைச் செய்தி இருக்கலாம். ஒன்று, நஞ்சே இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. இன்னொன்று, அந்த நஞ்சு உடம்பில் என்ன செய்திருக்கிறது என்ற தடயம். ஈரல் கெட்டதா, சிறுநீரகம் கெட்டதா, இதயம் அடிபட்டதா, உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்கிறதா என்பதெல்லாம் இந்த இரண்டாம் வகை. இரண்டுமே எண்களாகத்தான் வரும். ஆனால் அந்த எண்ணை வெறும் எண்ணாகப் படித்தால் ஏமாந்து போவோம். படிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எந்த நஞ்சு? எந்த நேரம்? எந்தப் பக்கம் நகர்கிறது? இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போகிற அத்தனையும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

முதல் கேள்வி: எந்த நஞ்சு?

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நஞ்சிலிருந்து தொடங்குகிறேன். பாம்பு. கடிபட்டவர் வந்ததும் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் ஒரு செய்தி. தண்ணீராக ஓடினால் வேறு செய்தி. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து மேசைமேல் செய்துவிடலாம். உலகத்திலேயே மலிவான இரத்தப் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அது எந்தப் பாம்புக்குப் பேசும்? கண்ணாடிவிரியனுக்கும் சுருட்டைவிரியனுக்கும் பேசும். அவற்றின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைப்பது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால்? அவை நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துபவை. கண் இமை சரிந்து, நாக்கு குழறி, மூச்சு திணறிக்கொண்டிருக்கும் மனிதரின் இரத்தம் அந்தக் குழாயில் அழகாக உறைந்து நிற்கும்! குழாயை மட்டும் பார்த்தவர் "பயமில்லை" என்பார். நோயாளியைப் பார்த்தவர் வென்டிலேட்டரைத் தேடி ஓடுவார். பரிசோதனை பொய் சொல்லவில்லை. அது பதில் சொல்லத் தெரியாத கேள்வியை நாம் அதனிடம் கேட்டோம்.

இதைவிட வியப்பான இன்னொரு எடுத்துக்காட்டு. பொட்டாசியம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கிறதே, அதே பொட்டாசியம்தான். இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும்.

மஞ்சள் அரளி நமக்குத் தெரியும். வேலியோரத்தில், கோயில் வாசலில், பள்ளிக்கூடத்துச் சுவரோரத்தில் பூத்துக் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் இந்த நஞ்சு எத்தனை உயிர்களைத் தொடுகிறது என்பதைத் தடயவியல் மருத்துவர் சரவணபவானந்தன் 1980-களில் கவனித்து, 170 பேரைப் பற்றிய ஆய்வை 1988-இல் வெளியிட்டார். அரளி விதையிலிருக்கும் நஞ்சு, இதயத்துக்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸ் மருந்தின் உறவுக்காரன். நம் உயிரணு ஒவ்வொன்றின் சுவரிலும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த நஞ்சு அந்தப் பம்பைப் பூட்டிவிடுகிறது. உள்ளே போக வேண்டிய பொட்டாசியம் வெளியே இரத்தத்தில் தேங்குகிறது. ஆகவே அரளியில் பொட்டாசியம் ஏறினால் ஆபத்து.

இப்போது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களுக்கும் புதுச்சேரிப் பக்கத்துக்கும் வாருங்கள். அங்கே ஒடுவந்தழை என்று ஒரு செடி நஞ்சு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன. இது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்குகிறது. வெளியேற வேண்டிய அமிலம் இரத்தத்தில் தங்கிவிடுகிறது. தங்க வேண்டிய பொட்டாசியம் சிறுநீரில் ஓடிவிடுகிறது. இங்கே பொட்டாசியம் இறங்கினால் ஆபத்து!

பார்த்தீர்களா? அதே ஆய்வகம், அதே இயந்திரம், அதே பொட்டாசியம். ஒரு செடியில் ஏறினால் ஆபத்து, இன்னொரு செடியில் இறங்கினால் ஆபத்து. எந்த நஞ்சு என்று கேட்காமல் இந்த எண்ணைப் படிக்க முடியுமா?

மூன்றாவது எடுத்துக்காட்டு பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துகள் நரம்பு முனைகளில் வேலை செய்யும் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. வாயில் எச்சில் ஒழுகுகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, நெஞ்சில் சளி பொங்குகிறது, தசைகள் துடிக்கின்றன. அதனால் மருத்துவமனைகளில் இரத்தத்திலுள்ள கோலினெஸ்டெரேஸை அளக்கிறார்கள். குறைவாக இருந்தால் பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

ஆனால் பிழைப்பாரா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லுமா? இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் மூன்று வகை ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளால் பாதிக்கப்பட்ட 802 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2005-இல் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே சிகிச்சை. ஆனால் ஒரு மருந்தில் 100-க்கு 8 பேர் இறந்தார்கள், இன்னொன்றில் 100-க்கு 23 பேர் இறந்தார்கள். பிறகு அந்த நொதியின் அளவை வைத்துப் பார்த்தபோது இன்னொரு உண்மையும் தெரிந்தது. ஒரு மருந்தில் மரணத்தை ஓரளவு சரியாகச் சுட்டிய அதே அளவு, இன்னொரு மருந்தில் எதையும் சுட்டவில்லை. குடித்தது எது என்று பெயரோடு தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. வழக்கமாக அளக்கப்படும் பிளாஸ்மா கோலினெஸ்டெரேஸை ஈரல்தான் தயாரிக்கிறது. ஈரல் நோய் இருந்தால் அது குறையும். உணவு போதாமல் மெலிந்தவர்களிடம் குறையும். கர்ப்பிணிகளிடம் குறையும். பூச்சிமருந்தைத் தொட்டே பார்க்காதவரிடமும் குறைந்திருக்கலாம். இதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே கருவியை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட முடியாது. 1987-இல் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். பூச்சிமருந்து உண்டவர் முதல் நாள் நெருக்கடியைத் தாண்டிவிடுகிறார். எச்சில் நின்றுவிடுகிறது, நினைவு தெளிகிறது. வீட்டார் நிம்மதியாக டீ குடிக்கப் போகிறார்கள். அதன்பிறகு, ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள், கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகின்றன. இதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வகம் வேண்டும்? "ஐயா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்று சொன்னால் போதும். தூக்க முடியவில்லை என்றால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. செவிலிய மாணவ மாணவியரே, இரவு டூட்டியில் நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரி சில நேரம் ஒரு ரிப்போர்ட்டைவிடப் பெரியது.

சரி, நஞ்சு எது என்று தெரிந்துவிட்டது. போதுமா? போதாது. இரண்டாவது கேள்வி வருகிறது. எந்த நேரம்?

காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அளவோடு எடுத்தால் நல்ல மருந்து, அளவு மீறினால் ஈரலை அழிக்கும். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இது பெரும் பிரச்சினையாக இருந்தது. எடின்பரோவில் நஞ்சு சிகிச்சைப் பிரிவை நடத்திய ஹென்றி மேத்யூவும் அமெரிக்கரான பேரி ரூமாக்கும் 1975-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். கீழே மணி நேரம், பக்கத்தில் இரத்தத்திலுள்ள மருந்தின் அளவு, நடுவே சரிந்து இறங்கும் ஒரு கோடு. இன்று பல நாடுகளில் பயன்படும் சிகிச்சைக் கோடு, நான்காவது மணி நேரத்தில் மில்லிக்கு 150 மைக்ரோகிராம் என்ற புள்ளியில் தொடங்குகிறது. எட்டாவது மணி நேரத்தில் 75. பன்னிரண்டாவது மணி நேரத்தில் ஏறக்குறைய 37. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. பிரிட்டனில் 2012 முதல் இன்னும் தாழ்வாக, 100-லேயே தொடங்குகிறார்கள்.

இப்போது கேட்கிறேன். ரிப்போர்ட்டில் 80 என்று வருகிறது. நல்லதா கெட்டதா? நான்கு மணி நேரத்தில் 80 என்றால் கோட்டுக்குக் கீழே, மூச்சு விடலாம். பத்து மணி நேரத்தில் 80 என்றால் கோட்டுக்கு வெகு மேலே, உடனே முறிமருந்து ஏற்ற வேண்டும். எண் ஒன்றுதான். கடிகாரம்தான் வேறு. கடிகாரம் இல்லாமல் அந்த எண் வெறும் மை! அதனால்தான் டாக்டர் உங்களைப் பார்த்துத் திரும்பத் திரும்ப "எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார். அது போலீஸ் விசாரணை இல்லை. கோட்டில் புள்ளி வைக்க அவருக்கு மணி வேண்டும்.

நேரத்தின் இன்னொரு முகம் நமக்கு மிக நெருக்கமானது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய துயரம் என்று ஈரல் மருத்துவர்கள் ஒன்றுகூடிக் கணக்கெடுத்தார்கள். 2019-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்தில், 15 மருத்துவமனைகளில் மட்டும், எலிமருந்தால் ஈரல் பாதித்து வந்தவர்கள் 400-க்கும் மேல். அவர்களில் 100-க்கும் மேற்பட்டவர்கள் மீளவில்லை. யோசித்துப் பாருங்கள், ஆறே மாதம், பதினைந்தே மருத்துவமனை!

இந்த நஞ்சு செய்யும் சூது என்ன தெரியுமா? முதல் நாள் வாந்தி, வயிற்று வலி. பிறகு இரண்டு மூன்று நாள் ஒன்றுமே இருக்காது. நோயாளி எழுந்து உட்காருவார், இட்லி சாப்பிடுவார், "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்பார். முதல் நாள் எடுத்த இரத்தமும் சரியாக இருக்கும். குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய்விடும். அதற்குப் பிறகுதான் கண் மஞ்சளாகும், நினைவு குழம்பும், இரத்தம் கசியும். திரும்பி வரும்போது பாதி நேரம் போயிருக்கும். முதல் நாள் ரிப்போர்ட் நன்றாக இருப்பதற்கு இந்த நஞ்சில் எந்த மதிப்பும் இல்லை. இதை இந்த மண்டபத்திலிருந்து நீங்கள் எடுத்துப்போக வேண்டும். முதல் நாள் நன்றாக இருக்கிறார் என்பது விடுதலைப் பத்திரம் அல்ல!

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எந்தப் பக்கம் நகர்கிறது?

அதே ஈரலை எடுத்துக்கொள்வோம். ஈரல் அணுக்கள் உடைந்தால் அவற்றின் உள்ளே இருக்கும் நொதிகள் இரத்தத்தில் கொட்டும். ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று பார்த்திருப்பீர்கள். 40 இருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் ஏறும். அதைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். நான்காம் நாள் அது இறங்கும். எல்லோரும் மகிழ்வார்கள். நில்லுங்கள்! அது இறங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஈரல் குணமாகி உடைவது நின்றிருக்கலாம். அல்லது உடைவதற்கு அணுவே மிச்சமில்லாமல் போயிருக்கலாம். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்குத்தான், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற இன்னோர் எண். இரத்தம் உறையத் தேவையான பல புரதங்களை ஈரல் தயாரிக்கிறது. அவற்றில் ஏழாம் காரணி என்பதன் ஆயுள் சில மணி நேரந்தான். தெருமுனையில் மாவு அரைத்து விற்கும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று அரைத்து அன்றன்று தீர்ந்துவிடும் சரக்கு. கிரைண்டர் நின்றுபோனால் அன்று மாலையே வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவார். ஈரலின் உற்பத்தி நின்றால் ஐ.என்.ஆர். அப்படித்தான் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். சாதாரணமாக 1 இருக்க வேண்டியது 2, 3, 5 என்று ஏறும். எஸ்.ஜி.பி.டி. இறங்கி ஐ.என்.ஆரும் இறங்கினால் நல்ல காலம். எஸ்.ஜி.பி.டி. இறங்கி ஐ.என்.ஆர். ஏறினால் பெரிய ஆபத்து. ஒரு தாளைப் பார்த்தால் இது தெரியாது. நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

லாக்டேட் என்ற எண்ணும் அப்படித்தான். உடம்பின் அணுக்கள் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும்போதும், ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் நஞ்சு தடுக்கும்போதும் அது ஏறும். பல நஞ்சுகளில் அது பொதுவான எச்சரிக்கை. ஆனால் வலிப்பு வந்து போனவரிடமும் அது தாறுமாறாக ஏறி, சற்று நேரத்தில் தானே இறங்கிவிடும். ஒருமுறை எடுத்த லாக்டேட் ஒரு புள்ளி. இரண்டு முறை எடுத்தால்தான் அது ஒரு திசை. "நேத்துதானே ரத்தம் எடுத்தீங்க, மறுபடியும் எதுக்கு?" என்று கேட்கும் அன்பர்களே, பதில் இதுதான். திசை தெரிய வேண்டும்.

இதுவரை மூன்று கேள்விகளைப் பார்த்தோம். இப்போது இந்தச் சொற்பொழிவின் நடு நரம்புக்கு வருகிறேன். இப்படி முன்கூட்டிச் சொல்லும் எண்கள் எதற்கு? மரணத் தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருப்பதற்கா?

மீண்டும் டிஜிட்டாலிஸுக்கு வாருங்கள். 1973-இல் பாரிஸ் நகரத்தில் ஷந்தால் பிஸ்முத் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இந்த வகை மருந்தின் நஞ்சால் பாதிக்கப்பட்ட 91 பேரின் பொட்டாசியத்தைப் பார்த்தார்கள். 5.5-க்கு மேல் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. 5-க்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். இடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் பிழைத்தார்கள். இவ்வளவு துல்லியமாகப் பேசிய எண் மருத்துவத்தில் அரிது. பொட்டாசியத்தை மட்டும் மருந்து கொடுத்து இறக்கியும் பார்த்தார்கள், பலனில்லை. ஏனென்றால் கொன்றது பொட்டாசியம் அல்ல. பூட்டிக்கிடந்த பம்பு. பொட்டாசியம் அதற்குச் சாட்சி மட்டுமே.

பிறகு என்ன நடந்தது? டிஜிட்டாலிஸைப் பிடித்து இழுத்துவிடும் எதிர்ப்பொருள் மருந்து வந்தது. 2000-இல் வெளியான கொழும்பு ஆய்வில், அரளி உண்டவர்களுக்கும் அது பயன்படும் என்று காட்டினார்கள். மருந்து ஏறியதும் இதயத் துடிப்பு சீரானது, பொட்டாசியமும் இறங்கியது. இன்று பாடப்புத்தகத்தில் பொட்டாசியம் 5.5 என்பது எதற்கான அடையாளம்? இறப்புக்கான அடையாளம் அல்ல. "உடனே முறிமருந்தைக் கொடு" என்பதற்கான அடையாளம். 1973-இல் முடிவாக இருந்த எண், சிகிச்சையின் தொடக்கமாக மாறிவிட்டது!

பாராசிட்டமால் கோடும் அப்படித்தான். முறிமருந்து இல்லாத காலத்தில், கோட்டுக்கு மேலே இருந்தவர்களின் ஈரல் கெட்டது. எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் 1970-களின் இறுதியில் அசெட்டில்சிஸ்டீன் என்ற மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றிக் காட்டினார். எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். அந்தக் கோடு இன்றும் சுவரில் தொங்குகிறது. ஆனால் அது சொன்ன சோதிடம் இன்று பலிப்பதில்லை. பலிக்காமல் செய்ததே மருத்துவத்தின் வெற்றி!

ஆகவே நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். இரத்தம் முன்கூட்டிச் சொல்வதை மெய்ப்பிக்க நாம் அதைக் கேட்கவில்லை. அதைப் பொய்யாக்கத்தான் கேட்கிறோம். ஒரு கெட்ட எண் வந்தால் அது கையை விரிப்பதற்கான உத்தரவு அல்ல, கையை நீட்டுவதற்கான உத்தரவு.

இந்த வேலை நம் கண்முன்னேயும் நடந்துகொண்டிருக்கிறது. 1926-இல் பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்ட், ஓலந்துத் தீவுக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இரத்தம் நிற்காமல் ஒழுகும் நோயைப் பற்றி எழுதினார். அந்த நோய்க்குக் காரணமான இரத்தப் புரதத்துக்குப் பிற்காலத்தில் அவர் பெயரே வந்தது. அது குறைந்தால் இரத்தம் நிற்காது. மிகுந்தால்? நுண்ணிய இரத்தக் குழாய்களில் தட்டணுக்களை ஒட்டவைத்து அடைத்துவிடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஈரல் மருத்துவர்கள், எலிமருந்தால் ஈரல் கெட்டவர்களிடம் இந்தப் புரதத்தை அளந்தார்கள். அது எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பும் வாய்ப்பு குறைவு என்று 2019-இல் வெளியிட்டார்கள். அதோடு நின்றார்களா? இல்லை. உயர்ந்ததைக் குறைத்தால் என்ன என்று கேட்டார்கள். நோயாளியின் பிளாஸ்மாவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, கொடையாளரின் பிளாஸ்மாவை ஏற்றுகிறார்கள். கூடவே குறைந்த அளவு ஸ்டீராய்டு. ஈரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு வழியில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அது இன்னொரு கதவு. இந்தச் சிகிச்சைக்கு இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை. ஆனால் வழி சரியான வழி. எண் என்ன சொல்கிறது என்று கேட்டு, உடனே அதை மாற்ற முடியுமா என்று கேட்பது.

சில எண்களை மருந்தால் மாற்ற முடியவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 1979-லேயே எடின்பரோவின் பிரவுட்ஃபுட் குழுவினர் நேரத்தையும் இரத்த அளவையும் இணைத்து ஒரு கோடு வரைந்துவிட்டார்கள். கோடு நன்றாகவே பேசுகிறது, மருத்துவத்தின் கைதான் இன்னும் குறுகிக் கிடக்கிறது. அப்போது என்ன செய்வது? இலங்கை ஒரு வழி காட்டியது. 1990-களில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளையும், 2008 முதல் 2011 வரை பாராகுவாட் உள்ளிட்ட மேலும் மூன்றையும் சந்தையிலிருந்து விலக்கியது. அந்த நாட்டில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. வார்டில் பொய்யாக்க முடியாத எண்ணைச் சட்டத்தால் பொய்யாக்கினார்கள்! மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்டைத் தமிழ்நாடு அரசும் தடை செய்திருக்கிறது. தடை அரசாணையில் இருந்தால் போதாது, கடை அலமாரியிலும் இருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர்களும் மளிகைக்கடைக்காரர்களும் இதில் எங்களைவிடப் பெரிய மருத்துவர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எண் கூட்டத்தைப் பற்றிப் பேசும், ஆளைப் பற்றிப் பேசாது. "இந்த அளவில் 100-க்கு 80 பேர் மீளவில்லை" என்று ஓர் ஆய்வு சொன்னால், மீந்த 20 பேர் யார் என்று அது பெயர் சொல்லாது. உங்கள் தம்பி அந்த 20-இல் ஒருவராக இருக்கலாம். ஆகவே "ரிப்போர்ட் மோசம், வீட்டுக்குக் கொண்டுபோய்டுங்க" என்று பெரியவர் யாராவது சொன்னால், உடனே வண்டி பிடிக்காதீர்கள். "வேறு எங்காவது வழி இருக்கிறதா, எங்கே அனுப்பலாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். லண்டனில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையார் 1989-இல் இரத்த அமிலத்தன்மை, உறையும் நேரம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், நினைவு நிலை ஆகியவற்றை வைத்து ஒரு வரையறை செய்தார்கள். யாருக்குச் சிகிச்சையை நிறுத்துவது என்று பார்க்கவா? இல்லை, யாரை உடனே ஈரல் மாற்றுக்கு அனுப்புவது என்று பார்க்கத்தான்.

நிறைவாக, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

யாராவது நஞ்சுண்டதாகத் தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். உப்புக்கரைசல், சோப்புத் தண்ணீர், மோர் என்று எதையும் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் இரண்டாவது ஆபத்து. பாட்டிலையோ அட்டைப்பெட்டியையோ தழையையோ கையோடு கொண்டு வாருங்கள். எந்த நஞ்சு என்ற முதல் கேள்விக்கு அதுதான் பதில். எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அதுதான் பதில். நோயாளி நன்றாக இருக்கிறார் என்று நீங்களாக வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், மறுநாளும் அதற்கு மறுநாளும் இரத்தம் எடுக்க விடுங்கள். மூன்றாவது கேள்விக்கு அதுதான் பதில்.

உண்மையை மறைக்காதீர்கள். வழக்கு வருமோ, மானம் போகுமோ என்று "ஏதோ தெரியாம சாப்பிட்டுட்டாங்க" என்று மட்டும் சொன்னால், எங்கள் கையிலிருக்கும் எண்கள் குருடாகிவிடும்.

கடைசி வேண்டுகோள். இரத்தம் எதைச் சொன்னாலும், அந்த மனிதர் ஏன் அந்தப் பாட்டிலை எடுத்தார் என்பதை அது சொல்லாது. கடனா, அவமானமா, அடியா, பரீட்சையா, தனிமையா, அதற்கு ஆய்வகம் கிடையாது. அதை ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். பெரும்பாலான நேரம் அது ஒரு கணத்துச் சூறாவளி. ஒருமுறை மீண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு அந்த வழியில் உயிரை விடுவதில்லை. வாழ்கிறார்கள், பிள்ளை குட்டிகளை வளர்க்கிறார்கள். ஆகவே ஐ.என்.ஆர். 1-க்கு வந்தவுடன் சிகிச்சை முடிந்துவிடவில்லை. மனநல மருத்துவரைப் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள். வீட்டில் திட்டாதீர்கள், குத்திக்காட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். யாருக்காவது மனம் தாங்காமல் போனால், அழைக்க 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள். இன்று நான் சொன்ன அத்தனை எண்களையும் நீங்கள் மறந்துவிடலாம், ஐந்து இலக்கமுள்ள இந்த ஒன்றை மட்டும் செல்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். மற்ற எண்கள் எல்லாம் நஞ்சு உள்ளே போன பிறகு வேலை செய்பவை. இது முன்னாலேயே வேலை செய்வது.